இறங்காத பாட்டு

என் கண்ணாடியை வாங்கிப் போகலாம் என்றுதான் வந்தேன். பழைய ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடி அது. வண்டியைக் காயலான் கடையில் போட்டபோது அதை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு, தேவாலயத்தில் ஆர்கனின் மேல்பலகையில் ஒரு கம்பியை வளைத்துப் பொருத்தினேன். அத்தான் விழுந்த மறுநாள் உங்கள் ஸ்டேஷன் ஆள் ஒருவர் வந்து அதைத் திருகி எடுத்துப்போனார். விசாரணை முடிந்து, விபத்து என்று எழுதி மூடியும் விட்டீர்கள். கண்ணாடி மட்டும் திரும்பி வரவில்லை. அது இல்லாமல் ஞாயிறு ஆராதனைக்கு வாசிப்பது சிரமமாக இருக்கிறது.

உட்காரச் சொன்னதற்கு நன்றி. கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் அறிக்கையைப் படித்தேன். வெளியே இருப்பவர்தான் கொடுத்தார், அவரைக் கோபிக்க வேண்டாம். மாடத்தின் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரமே இருந்ததுதான் காரணம் என்று முடித்திருக்கிறீர்கள். எப்போதோ செத்துப்போன ஒரு கொத்தனாரின் தலையில் பழியைப் போட்டாகிவிட்டது. அது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தச் சுவர் அத்தனை காலமும் அங்கேதான் இருந்தது, யாரையும் ஒன்றும் செய்யவில்லை. அதனால் நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறேன். எழுதுகிறவர் நிதானமாகவே எழுதட்டும், இன்று பள்ளிக்கூடம் விடுமுறை.

நீங்கள் மாடத்தைப் பார்த்தது ஆளில்லாத நேரத்தில். ஆள் இருக்கும்போது அது வேறு மாதிரி இருக்கும். மாடம் வாசலுக்கு மேலே இருக்கிறது. கீழே இருப்பவர்கள் பலிபீடத்தைப் பார்த்து உட்கார்வதால் எங்கள் சத்தம் அவர்களுக்குக் கேட்கும், நாங்கள் தெரிய மாட்டோம். மாடத்தின் பின்சுவரை ஒட்டி ஆர்கன் நிற்கிறது. நான் அதற்கு முன்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். என் முதுகுக்குப் பின்னால் பாடுகிறவர்கள், நடுவில் வழி விட்டு இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்பார்கள். அவர்களுக்கும் அப்பால், மாடத்தின் முன் விளிம்பில், கைப்பிடிச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி அத்தான் நிற்பார். அவர் கையைப் பார்த்துத்தான் எல்லோரும் பாட வேண்டும், நானும் வாசிக்க வேண்டும். என் முதுகில் கண் இல்லை. அதற்காகத்தான் அந்த ஸ்கூட்டர் கண்ணாடி.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அந்தக் குழுவை நடத்தியவர். இந்த வேலைக்குக் கண்டக்டர் என்று பெயர். புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை அவரிடம், "எந்த ரூட்டுல சார் ஓடுறீங்க?" என்று வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்த மனிதரின் முகத்தை அத்தான் ஏறிட்டும் பார்க்கவில்லை. தன்னைப் பார்த்து யாராவது சிரித்தால் அவரால் தாங்க முடியாது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவருடைய கால்களைப் பற்றியும் குறித்துக்கொள்ளுங்கள். சத்தம் ஏற ஏற அவர் பின்னால் போவார். இறங்கினால் முன்னால் வருவார். குறுகலான நடையில் யாராவது பெரிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தால் நாம் பின்வாங்குவோமே, அந்த மாதிரி. மெல்லிய இடங்களில் பெட்டியின் முன் நுனிக்கு வந்து, குனிந்து, கெஞ்சுகிறவர் போல நிற்பார். பெரிய இடம் வந்தால் முதலில் தோள் சாயும், பிறகு ஒரு கால் நகரும், பிறகு மற்றக் கால். இப்படி ஒரு பழக்கம் இருப்பது அவருக்கே தெரியாது. பாடுகிறவர்கள் அவர் கையையும் முகத்தையும் பார்ப்பார்கள். கால்களைக் கவனித்தவர்கள் இரண்டே பேர். கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்து வைத்திருந்த நான் ஒருவன். அக்கா இன்னொருத்தி.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய இடத்தில் அவர் குதிகால் பெட்டியின் விளிம்பைத் தாண்டிவிட்டது. நல்லவேளையாக அங்கேயே பாட்டு இறங்கியது, அவரும் முன்னால் வந்துவிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அக்காவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த வாரமே தச்சரைக் கூப்பிட்டு, பெட்டியின் பின்பக்கம் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பி போட்டுவிட்டாள். "எதுக்கு இது?" என்று அத்தான் கேட்டதற்கு, "உங்க கோட்ட மாட்டிக்கத்தான். கண்ட எடத்துல போட்டுக் கசக்குறீங்களே" என்றாள். அவர் நம்பினார். ஒவ்வொரு ஒத்திகையிலும் கோட்டைக் கழற்றி அந்தக் கம்பியில் மாட்டுவார். பின்னால் போகும்போது கோட்டில் இடுப்பு இடித்து நின்றுகொள்வார். இத்தனை வருஷமும் அவரை நிறுத்தி வைத்திருந்தது அந்தக் கம்பிதான். சுவரைக் குறை சொன்னவர்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. நான் செய்தது அவளுக்காகத்தான்.

அம்மா இறந்தபோது எனக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. அக்காதான் வளர்த்தாள். "என் தம்பியும் என்கூட வருவான்" என்று சொல்லித்தான் கல்யாணத்துக்கே சம்மதித்தாள். அன்றிலிருந்து அவர்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். அத்தான் அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அந்த வாய்ப்பையும் அவர் எனக்குக் கொடுக்கவில்லை.

அக்கா பாடினால், கேட்கிறவர்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார்கள். குழுவில் தனிக்குரல் வருகிற இடமெல்லாம் அவளுடையதாக இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஒத்திகையில் மேலே ஒரு சுரம் லேசாகப் பிசிறிவிட்டது. அத்தான் கையைக் கீழே போட்டார். "கொரல் தேஞ்சுபோச்சு. இனிமே பின்வரிசையில நில்லு. இந்தப் பொண்ணு பாடட்டும்" என்று ஒரு இளம்பெண்ணைக் கூப்பிட்டார். அத்தனை பேர் முன்னாலும், கட்டின மனைவியிடம். அக்கா தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்வரிசைக்குப் போனாள். அதன் பிறகு குழுவுக்கு டீ பிளாஸ்க் கொண்டுவருவதும் நாற்காலிகளை மடக்கி அடுக்குவதும் அவள் வேலையாயிற்று. வீட்டில் துணி மடிக்கும்போது எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள், அதுவும் நின்றுபோயிற்று. அத்தானை நான் வெறுத்தது அதற்காகத்தான், வேறு எதற்காகவும் அல்ல.

நான் எழுதிய பாட்டுகளை அவர் வெட்டிக்கொண்டே இருந்தார், அதனால் எனக்கு வன்மம் என்று குழுவில் சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். நம்ப வேண்டாம். நான் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். பகலெல்லாம் பிள்ளைகளின் கத்தலைச் சுருதியில் சேர்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் எழுதுவேன். எழுதியதை அத்தானிடம் கொடுப்பேன். அவர் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு, "நல்லாருக்கு மாப்ள, ஆனா இங்க கொஞ்சம் இழுவையா இருக்கு" என்பார். பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு விழும். ஒரு வருஷம் உட்கார்ந்து எழுதிய பெரிய பாட்டு ஒன்று, அறிவிப்பு வாசிப்பதற்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் கொள்கிற அளவுக்குச் சுருங்கிப்போனது. அதில் வயலின் மட்டும் தனியாக நிற்கிற ஒரு இடம் இருந்தது, அதையும் எடுத்துவிட்டார். இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அவர் வெட்டிய பக்கங்கள் அத்தனையையும் வரிசையாக அடுக்கி என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன், வேண்டுமானால் வந்து பாருங்கள்.

போன வருஷம் தேவாலயத்தின் கூரையைப் பிரித்துப் புதிதாகப் போட்டார்கள். மறுபடி திறக்கிற நாளுக்கு, பாடகர் குழுவும் முழு வாத்தியக் குழுவும் சேர்ந்து பாடுகிற பெரிய துதிப்பாடல் ஒன்று வேண்டும் என்று பாதிரியார் கேட்டார். வெளியே போய்த் தேட வேண்டாம், எழுதுகிறவன் என் வீட்டிலேயே இருக்கிறான் என்று அத்தான்தான் என்னைக் கைகாட்டினார். நான் ஒத்துக்கொண்டேன்.

தையற்காரர் ஆளைப் பார்த்து அளவெடுப்பார் அல்லவா, நான் அத்தானின் கால்களைப் பார்த்து அளவெடுத்தேன். எந்தப் பாட்டும் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏறும். இல்லாவிட்டால் பாடுகிறவர்களுக்கு மூச்சு போதாது, கேட்கிறவர்களுக்குக் காது வலிக்கும். அத்தானும் அதற்கேற்றபடி பின்னால் போய் முன்னால் வந்து, பெட்டியின் மேலேயே காலத்தை ஓட்டியிருந்தார். நான் கடைசிப் பகுதியை இறக்கமே இல்லாமல் எழுதினேன். "வாரும்" என்கிற ஒரே வார்த்தை. முதலில் ஆண்களின் அடிக்குரல், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற அளவில். பிறகு பெண்கள். பிறகு வயலின்கள். அதன் மேல் ஊதுகிற வாத்தியங்கள், முரசுகள், கடைசியாக என் ஆர்கன். பக்கத்துக்குப் பக்கம் ஏறும், ஓர் இடத்திலும் குறையாது. அத்தனைக்கும் மேலே ஒரே ஒரு பெண் குரல். அதை அக்காவின் குரலை நினைத்து எழுதினேன். பாடப்போவது வேறு பெண் என்று தெரிந்தும் அப்படித்தான் வந்தது.

மூச்சுதான் சிக்கலாக இருந்தது. எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தால் சத்தம் சட்டென்று குறையும். குறைந்தால் அத்தான் ஒரு கால் முன்னால் வைப்பார். இதற்குக் குழுக்களில் ஒரு வழி உண்டு. பக்கத்தில் நிற்பவர் மூச்சு எடுக்கும்போது நாம் எடுக்கக் கூடாது. ஆளுக்கு ஆள் மாற்றி எடுத்தால், கீழே கேட்பவர்களுக்கு முடிவே இல்லாத ஒரே மூச்சாகத் தெரியும். சாதாரணமாக இதைப் பாடுகிறவர்களின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுவார்கள். நான் விடவில்லை. யார் எந்த இடத்தில் மூச்சு எடுக்க வேண்டும் என்று ஒவ்வொருவர் தாளிலும் குறித்துக் கொடுத்தேன். "என்ன மாப்ள, மூச்சு விடக்கூட உன்கிட்ட பர்மிஷன் கேக்கணுமா?" என்றார் அத்தான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அந்தப் பாட்டை முதன்முதலில் அவரிடம் கொடுத்தபோது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தார். சிவப்புப் பென்சில் காதில் சொருகியிருந்தது. கடைசிப் பக்கம் வரை அது காதைவிட்டு இறங்கவில்லை. "இதுல கை வைக்க எடமே இல்லடா" என்றார். அவருக்கென்றே அளவெடுத்துத் தைத்தது, எங்கே கை வைப்பார். ஆனாலும் அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

வாத்தியக்காரர்கள் வந்து சேர்ந்ததும் மாடத்தில் இடம் போதவில்லை. முரசுகளை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. மூலையில் வைத்தால் சத்தம் கீழே போகாது, நடுவில் வைக்கலாம் என்று நான் சொன்னேன். பொய்யில்லை, விவரம் தெரிந்த யாரும் அதைத்தான் சொல்வார்கள். முரசு நடுவில் வந்ததும் வயலின்காரர்கள் முன்னால் நகர்ந்தார்கள், பாடுகிறவர்கள் நகர்ந்தார்கள், அத்தானின் பெட்டி கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போயிற்று. பெட்டியின் உயரமும் அந்தச் சுவரின் உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். பெட்டியை நான் தொடவில்லை. முரசு தாழ்வானது, என் கண்ணாடியை மறைக்கவில்லை, அதை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

மிச்சம் இருந்தது அக்கா போட்ட கம்பி. டீ நேரத்தில் அத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அத்தான், அந்த ட்ரம்பெட்காரங்க என்கிட்ட ஒண்ணு கேட்டாங்க."

"என்னவாம்?"

"சாருக்கு என்ன வயசு ஆகுதுன்னு."

"என் வயசு அவனுங்களுக்கு எதுக்கு?"

"பின்னாடி பிடிச்சுக்கக் கம்பி இருக்கே, அதான். முட்டி வலியான்னு கேட்டாங்க. கோட்டு மாட்டுறதுக்குன்னு சொன்னேன். சிரிக்கிறாங்க."

அவர்கள் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. அத்தான் டீயைப் பாதியில் வைத்துவிட்டார். அடுத்த ஒத்திகைக்கு வந்தபோது பெட்டியில் கம்பி இல்லை. வீட்டிலிருந்து ஸ்பேனர் எடுத்துவந்து அவரே கழற்றியிருந்தார். அக்கா பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியையே பார்த்தாள். "கம்பி எங்க?" என்றாள். "பஸ்ஸுலதான் கம்பியப் பிடிச்சிக்கிட்டு நிப்பாங்க" என்றார் அத்தான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்காக ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. நான் இசைத்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் ஒத்திகையிலேயே ஏன் விழவில்லை என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஒத்திகையில் பாட்டைத் துண்டு துண்டாக நிறுத்தி நிறுத்தித்தான் பாடுவோம். நிகழ்ச்சிக்கு முந்தைய கடைசி ஒத்திகையில் முழுசாகப் போவோம், ஆனால் அரைக்குரலில். தொண்டையை மறுநாளுக்குச் சேமித்து வைக்க வேண்டும், எல்லாக் குழுவிலும் இதுதான் வழக்கம். ஆகவே அந்தப் பாட்டின் முழுச் சத்தத்தை நிகழ்ச்சிக்கு முன்னால் யாருமே கேட்டதில்லை. என் தலைக்குள் மட்டும்தான் அது இருந்தது.

அந்தக் கடைசி ஒத்திகையில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. தனிக்குரல் வருகிற இடத்தில் அத்தான் கையைக் கீழே போட்டார். "மன்னிச்சுக்கோம்மா" என்று அந்த இளம்பெண்ணிடம் சொல்லிவிட்டு, பின்வரிசையைப் பார்த்து அக்காவைக் கூப்பிட்டார்.

"இங்க வா. இது உனக்காக உன் தம்பி எழுதினது. வேற யாரு பாடினாலும் சட்ட தொளதொளன்னு நிக்குது."

"கொரல்தான் தேஞ்சுபோச்சே" என்றாள் அக்கா.

"அன்னிக்கு இத்தன பேர் முன்னாடிதான் அப்படிப் பேசினேன். இத்தன பேர் முன்னாடியே சொல்றேன், தப்பு என்னுது. தேஞ்சதோட பாடு. எனக்கு அதான் வேணும்."

பிறகு பின்வரிசையிலிருந்து அக்கா நடந்து வந்தாள். முன்வரிசையில், அத்தானின் பெட்டிக்கு மிக அருகில், அவளுடைய பழைய இடத்தில் நின்றாள். பெண்களில் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். இதையெல்லாம் நான் கண்ணாடியில் பார்த்தேன். அன்று வீட்டுக்கு வந்து அக்கா துணி மடித்தாள். மாடி வரைக்கும் அவள் முணுமுணுப்பு கேட்டது.

இப்போது எழுதுகிறவர் பேனாவை வைத்துவிட்டார், நீங்கள் என்னைப் பார்க்கிறீர்கள். அதற்குப் பிறகாவது நிறுத்தியிருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். நானும் நினைத்தேன். கம்பியைத் திரும்ப மாட்டச் சொல்லியிருக்கலாம். முரசை மூலைக்குத் தள்ளியிருக்கலாம். அத்தானின் காதில் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். அதுகூட வேண்டாம், கடைசிப் பகுதியின் நடுவில் ஓர் இடத்தில் சத்தத்தை இறக்கச் சொல்லி ஒரு குறி போட்டிருந்தால் போதும். தாளை எடுத்து வைத்துக்கொண்டு அப்படி ஓர் இடத்தைத் தேடவும் செய்தேன். எங்கே இறக்கினாலும் பாட்டு கெட்டுப்போகும் போலிருந்தது. அத்தானே கை வைக்க இடமில்லை என்று ஒப்புக்கொண்ட பாட்டு. அதை நானே வெட்டுவது முறையாகப் படவில்லை. தவிர, மூன்று வருஷ அவமானத்துக்கு ஒருநாள் மன்னிப்பு ஈடாகுமா என்றும் யோசித்தேன். ஆகாது என்று அக்காவுக்காக நானே முடிவு செய்தேன். அக்காவைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மன்னித்துவிட்டேன் என்றுதான் சொல்லியிருப்பாள், அவள் சுபாவம் அப்படி.

திறப்பு நாளன்று கீழே நிற்க இடமில்லை. மாடத்துக்கு நேர் கீழே இருக்கிற நடுப்பாதையை மட்டும் ஊர்வலத்துக்காகக் காலியாக விட்டிருந்தார்கள். அதையும் பார்த்துக்கொண்டேன், வேறு யாருக்கும் அடிபடக் கூடாது அல்லவா. முதல் பகுதிகள் நன்றாகவே போயின. அத்தான் நல்ல மனநிலையில் இருந்தார். கடைசிப் பகுதி தொடங்கியபோது பெட்டியின் முன் நுனியில் குனிந்து நின்றார்.

ஆண்கள் தொடங்கினார்கள். பெண்கள் சேர்ந்தார்கள். நான் குறித்துக் கொடுத்த இடங்களில் மட்டும் மூச்சு எடுத்தார்கள், ஒருவர்கூடத் தவறவில்லை. வயலின்கள் வந்ததும் அத்தானின் தோள் சாய்ந்தது. ட்ரம்பெட்டில் ஒரு கால் நகர்ந்தது. முரசில் மற்றக் கால். அக்கா தன் இடத்தைப் பாட ஆரம்பித்தாள். மேலே போகும்போது அந்தப் பழைய பிசிறு வந்தது. அந்த இடத்துக்கு அந்தப் பிசிறு வேண்டும் என்பது எழுதிய எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அத்தான் சொன்னது சரிதான். அவர் முகம் நனைந்திருந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

பிறகு என் முறை. ஆர்கன் சேர்ந்ததும் புதுக் கூரை அதிர்ந்தது. என் இரண்டு கைகளும் இரண்டு கால்களும் வேலையில் இருந்தன, கண் மட்டும் சும்மா இருந்தது. அக்காவின் தலை அவர் கைகளை விட்டுக் கால்கள் பக்கம் குனிந்ததைப் பார்த்தேன். அவள் பாட்டை நிறுத்திவிட்டு அவரை நோக்கிக் கையை நீட்டினாள். ஒரு குரல் நின்றதால் அத்தனை சத்தத்தில் ஒன்றும் குறையவில்லை. அவள் பயந்து பாட்டை விட்டுவிட்டாள் என்று அத்தான் நினைத்திருக்க வேண்டும். அவளைப் பார்த்துச் சிரித்தார், பாடு பாடு என்று தலையை ஆட்டினார், இடது கையால் அவள் பாட்டில் சேர வேண்டிய இடத்தை எடுத்துக் கொடுத்தார். எடுத்துக் கொடுத்துக்கொண்டே இன்னொரு அடி பின்னால் வைத்தார்.

இதைத்தான் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அப்போதும் நேரம் இருந்தது. நான் கையை எடுத்திருந்தால் பாதிச் சத்தம் நின்றிருக்கும், சத்தம் குறைந்தால் அவர் முன்னால் வருவார். இது உலகத்தில் எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. நான் கையை எடுக்கவில்லை.

கண்ணாடியில் அதன் பிறகு பெட்டி மட்டும் தெரிந்தது.

குழு பாட்டை நிறுத்தவில்லை. முன்பு ஒரு ஒத்திகையில் ஒரு பெண் மயங்கி விழுந்து எல்லோரும் நிறுத்தியபோது அத்தான் சத்தம் போட்டிருந்தார். "கூரையே இடிஞ்சு விழுந்தாலும் என் கை சொல்ற வரைக்கும் பாடணும்" என்று பழக்கி வைத்திருந்தார். நிறுத்தச் சொல்ல அந்தக் கை அங்கே இல்லை. முன்வரிசையில் சிலர் பார்த்துவிட்டார்கள், முதுகு விறைத்துப்போயிற்று, ஆனாலும் திறந்த வாயிலிருந்து பாட்டுதான் வந்துகொண்டிருந்தது. நடத்துகிறவர் இல்லாமலேயே எல்லோரும் ஒன்றாக முடித்தார்கள். கடைசிச் சத்தத்தை நான் கொஞ்சம் கூடுதலாக நீட்டினேன். அதற்குப் பிறகுதான் கீழே யாரோ கத்தியது கேட்டது.

சட்டப்படி இதற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியாது. நான் ஒரு பாட்டு எழுதினேன், ஒரு யோசனை சொன்னேன், ஒரு கேலி செய்தேன், வாசிக்க வேண்டியதை வாசித்தேன். ஆனால் விபத்து என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அதில் தற்செயலாக நடந்தது ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு பக்கமும் யோசித்து எழுதியது. அந்தப் பாட்டை இனி யாரும் பாடக் கூடாது என்று பாதிரியார் பூட்டி வைத்துவிட்டார், அதுவும் தப்பு. நல்ல கம்பி ஒன்று போட்டுவிட்டு மறுபடியும் பாடலாம்.

அக்கா வெளியூரில் கட்டிக்கொடுத்த தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அடக்கம் முடிந்து புறப்படும்போது மாடிக்கு ஏறி வந்து வாசலில் நின்றாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"அந்த எடத்த ஏன்டா எறங்காமயே எழுதின?"

அவ்வளவுதான் கேட்டாள். இத்தனை வருஷத்தில் நான் எழுதியதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்ட ஒரே சரியான கேள்வி அதுதான். முழுசாகப் புரிந்துகொண்டு கேட்டாள். உனக்காகத்தான் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த வார்த்தை வரவில்லை. அவள் இறங்கிப் போகிற வரைக்கும், வேறொன்றைச் சொல்லிவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இப்போது அவள் இங்கே இல்லை, உங்களிடம் சொல்லலாம். மற்ற எல்லாமே நான் எழுதியபடி வந்தது. அந்த இடத்தில் அவள் மட்டும் பாட்டை நிறுத்தியிருக்கக் கூடாது.